நிழலில் உலர்த்திய செம்மண்

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் காட்டினாள். ஒரு சிட்டிகை மண்ணை வைத்தால் போதுமாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் போனில் வந்துவிடும், எவ்வளவு உரம் போட வேண்டும் என்பதும் கூடவே வந்துவிடும் என்றாள். "நீங்கள்லாம் பாவம், இதுக்குப் போய் எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்க மேடம்" என்று வேறு சொன்னாள். அந்தப் 'பாவம்' எனக்குச் சுருக்கென்றது.

"மண்ணை ஈரத்தோட வெப்பியா, காயவெச்சு வெப்பியா?" என்று கேட்டேன்.

"காயவெச்சுதான் மேடம்."

"நெல் வயல் மண்ணையும் காயவெச்சுதானா?"

ஆமாம் என்றாள். நெல்லு தண்ணியிலதானே நிக்குது என்றதற்குக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கேள்வி ஒரு காலத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது நாங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் நின்றுகொண்டிருந்தோம். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிறவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

வேளாண்மைத் துறையில் மண் பரிசோதனைக் கூடத்து உதவியாளராகச் சேர்ந்தவள் நான். முதல் சில வருடம் கண்ணாடிக் குடுவை கழுவியதும், மண் சலித்துத் தும்மியதும்தான் வேலை. பிறகு நடமாடும் பரிசோதனை வண்டியில் போட்டார்கள். வேன் மாதிரி ஒன்று. உள்ளே ஒரு மேசை, தராசு, நிறமானி, அமில பாட்டில்கள். வண்டி குலுங்கும்போது பாட்டிலைப் பிடித்துக்கொள்வதற்கென்றே என்னைச் சேர்த்தார்கள் என்று டிரைவர் கேலி செய்வார்.

வண்டிக்கு அதிகாரி தணிகாசலம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு வயலில் இறங்கினால் முதலில் யாரோடும் பேச மாட்டார். மண்ணைக் கையில் எடுத்து, பாட்டில் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பிசைவார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அதைப் பட்டையாக நீட்டி, எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பார். மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். பிறகு முகர்வார். நிலத்துக்காரர் பின்னாலேயே வந்து, "நல்ல மண்ணா சார்?" என்று கேட்டால், "எதுக்கு நல்ல மண்ணு?" என்று திருப்பிக் கேட்பார். அவ்வளவுதான் பதில். மண்ணைத் தாய் என்று யாராவது மேடையில் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். சில நாள் அவர் தலையில் பாட்டிலைக் கவிழ்க்கலாம் போலவும் இருக்கும்.

மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் பிடிக்கவும் மணி பிடிக்கவும் அது வேண்டும். நாங்கள் பார்க்கும் முறை இதுதான். வயலில் பல இடத்தில் வெட்டி எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். வெயிலில் கூடாது. மரச்சுத்தியால் தட்டிச் சலித்து, அதில் ஒரு கரைசலை ஊற்றிக் குலுக்கி வடிகட்டினால், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய சத்து மட்டும் தெளிவில் இறங்கும். அந்தத் தெளிவில் மருந்தைச் சேர்த்தால் நீலம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மணிச்சத்து. வெளிறிப்போயிருந்தால் 'குறைவு' என்று எழுதி, துறை அச்சிட்டுக் கொடுத்த அட்டவணையைப் பார்த்து, மணிச்சத்து உரமான டிஏபி இவ்வளவு போடு என்று சொல்லி அனுப்புவோம். எத்தனையோ ஆயிரம் முறை அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறேன். அது பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. கடற்கரைக் குப்பங்களுக்கு நேர்ந்ததை எல்லோரும் அறிவார்கள். தண்ணீர் கழுவெளி என்ற உப்பங்கழி வழியாகவும் ஏறி, உப்பளப் பாத்திகளைச் சேற்றால் மூடி, அதற்கும் மேற்கே இருந்த நெல் வயல்களில் நின்றது. எங்கள் வண்டியை அங்கே அனுப்பினார்கள். வயலெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஜிப்சம் போடுங்கள், மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்துவிடுங்கள், உப்பு இறங்கிப் போகும் என்று ஊர் ஊராகச் சொன்னோம். அந்த யோசனை சரியானதுதான்.

ஏழுமலையை அங்கேதான் பார்த்தேன். உப்பளத்தில் உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருகோல் பிடித்தவர். பாத்திகள் மூடிப்போனதால் வேலை இல்லை. குளத்தை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அந்த வருடம் அதை விட்டால் அவருக்கும் அவர் மனைவி அஞ்சலைக்கும் வேறு கதி இல்லை. சாம்பல் நிற மணல், உப்பும் சேர்ந்துகொண்டது. சார் பட்டை நீட்டப் பார்த்தார், உருண்டைகூடப் பிடிக்க வரவில்லை.

"இதுல மணிச்சத்து நிக்காது. இன்னிக்குப் போட்டா நாளைக்கு மழையில ஓடிடும்" என்றார்.

"அப்ப செம்மண்ணு அடிச்சிக்கிறேன் சார். செம்மண்ணு போட்டா எந்த மண்ணும் தேறிடும்" என்றார் ஏழுமலை.

அந்தப் பக்கத்தில் அது வேதவாக்கு மாதிரி. மனைக்கும் செம்மண், தென்னங்குழிக்கும் செம்மண், மொட்டை மணலுக்கும் செம்மண். நிவாரணத்துக்கு வந்த ஒரு அமைப்பு லாரியும் கொடுத்தது. இரும்பை என்ற ஊர்ப் பக்கமிருந்து லாரி லாரியாக வந்து கொட்டியது. சார் அந்த மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, "விமலாம்மா, இதுல இரும்பு ஜாஸ்தி. போடுற மணிச்சத்த எல்லாம் இறுக்கிப் பிடிச்சிக்கும்" என்றார். சொல்லும்போதே அடுத்த லாரி கொட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலை கூடையில் அள்ளி நிரவிக்கொண்டிருந்தார். சிவந்த வயலைப் பார்த்து அந்த அம்மாவின் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சம்பா நட்டார்கள். மணலில் தண்ணீர் தங்கவில்லை, பயிரும் எழும்பவில்லை. தூர் கட்டாமல், இலை கருத்து, ஓரம் ஊதா பாய்ந்து நின்றது. ஏழுமலை மண்ணைக் கொண்டுவந்தார்; நிழலில் உலர்த்தி, சலித்துப் பார்த்தோம். நீலம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. குறைவு. டிஏபி போட்டார். திரும்பக் கொண்டுவந்தார். அப்போதும் குறைவு. அட்டவணை என்ன சொல்லுமோ அதையே நாங்களும் சொன்னோம். அக்கம்பக்கத்தில் செம்மண் அடித்தவர்களுக்கும் அதே கதைதான். ஆனால் இருக்கிறதையெல்லாம் வயலில் இறக்கியவர் ஏழுமலை ஒருவர்தான்.

அவர் போட்ட மணிச்சத்து எங்கேயும் போகவில்லை. வயலிலேயே, இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாங்கள் 'குறைவு' என்று எழுதியதற்கு அர்த்தம், மண் இப்போது விடுவது குறைவு என்பது மட்டும்தான். உள்ளே எவ்வளவு வைத்திருக்கிறது என்று நாங்களும் கேட்கவில்லை, சோதனையும் கேட்கவில்லை.

2005 ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். விட்டு விட்டு அல்ல, விடாமல் பெய்தது. ஏழுமலையின் வயலில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது ஒரு அதிசயம் நடந்தது. அதுவரை குன்றிக் கிடந்த பயிர் கருகருவென்று கிளம்பியது. நாங்கள் வண்டியில் அந்த வழியாகப் போனபோது ஏழுமலை சாலையில் மறித்து, சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? மழ வந்து உசுரு குடுத்துச்சி!"

சார் சிரிக்கவில்லை. வயலை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் ஏற ஏற, பயிர் மூழ்கிவிடும் என்று ஏழுமலை வரப்பை வெட்டி, குளத்துப் பக்கம் வடிகால் திறந்துவிட்டார். உப்பை வடிக்கச் சொல்லி நாங்கள் காட்டிய அதே திசை.

அந்தக் குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் கன்னியப்பன். குப்பத்துக்காரர். அலை அவருடைய மகளை இழுத்துக்கொண்டு போனது. அதற்கு அப்புறம் கடலில் கால் வைக்க மாட்டேன் என்று வலையை வாசலிலேயே போட்டுவிட்டு, மேற்கே வந்து குளத்தை எடுத்தார். ஊர்க்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம் குளத்தைக் கடற்கரை ஆள் எடுப்பதா என்று முணுமுணுத்தார்கள். வடிகால் திறந்த அன்று அவருக்கும் ஏழுமலைக்கும் கரையில் வாய்ச்சண்டை நடந்ததை ஊரே பார்த்தது.

மழை நின்று வெயில் வந்ததும் குளம் பச்சையானது. முதலில் கன்னியப்பனுக்குச் சந்தோஷம்தான். பச்சைத் தண்ணீரில் மீன் நன்றாகக் கொழுக்கும். ஆனால் பச்சை நிற்கவில்லை. நாளுக்கு நாள் கெட்டியாகி, கடைசியில் கரையோரம் ஏடு கட்டி நாறியது. ஒரு விடிகாலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. வெயில் ஏறுவதற்குள் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது.

விஷம் வைத்துவிட்டான் என்று கன்னியப்பன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டதும் ஒரே பெயர்தான் சொன்னார். ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவரை வெளியே விட்டபோது ஒரு பக்கத்துத் தோளைத் தூக்க முடியவில்லை. வெகுநாள் தண்ணீரில் நின்ற அவருடைய நெல்லும் அப்போது சாய்ந்து, பாதிக்கு மேல் பதராகக் கிடந்தது. கேஸ் மட்டும் அப்படியே இருந்தது.

அஞ்சலை எங்கள் வண்டியைத் தேடி வந்தார். கையில் ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீர்.

"அம்மா, நீங்க மண்ண பாக்குறீங்க. தண்ணியயும் பாருங்க. வெசம் இல்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. அவரு ஈ எறும்புக்குக்கூட வெசம் வெக்காத ஆளும்மா."

"தண்ணி நம்ம வேலை இல்ல" என்றார் சார். "பூச்சிமருந்து விஷம் பாக்குற வசதியும் நம்மகிட்ட இல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த அம்மா போன பிறகு, சார் முன்னாலேயே உப்புக் கருவியை எடுத்து அந்தத் தண்ணீரில் வைத்தேன். உப்பு பெரிதாக இல்லை. அப்புறம் மருந்தைச் சேர்த்தேன். அப்படி ஒரு நீலத்தை நான் குளத்துத் தண்ணீரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த என் விரல் தெரியவில்லை. சார் எட்டிப் பார்த்தார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடுப்பா" என்றார் டிரைவரிடம்.

வயலில் அவரே மண்வெட்டியை வாங்கி வெட்டினார். மேலே மெல்லிய சிவப்பு. அதற்குக் கீழே சிவப்பே இல்லை. சாம்பலும் நீலமுமாக, சாக்கடை வாடையோடு குழகுழவென்று இருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. மூச்சு முட்டினால் இரும்பின் குணம் மாறும். சிவப்பு போகும், இறுக்கிப் பிடித்திருந்த கையும் விட்டுவிடும். பிடித்துவைத்த மணிச்சத்து எல்லாம் தண்ணீரில் இறங்கும். பயிர் திடீரென்று கிளம்பியது அதனால்தான். மிச்சம் வடிகால் வழியே குளத்துக்குப் போய்ப் பாசிக்குத் தீனியானது. பாசி பெருகி, செத்து அழுகி, தண்ணீரில் இருந்த காற்றைத் தின்றுவிட்டது. மீன் மூச்சு முட்டிச் செத்தது.

நான் அத்தோடு விடவில்லை. அதே செம்மண்ணை இரண்டு பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றைத் திறந்துவைத்துத் தினம் கலக்கினேன். மற்றதில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டு இறுக மூடினேன். சில வாரத்தில் மூடியது கருத்துப் போனது. இரண்டிலும் தெளிவை எடுத்து மருந்து சேர்த்தால், திறந்ததில் வெளிறல், மூடியதில் மை. சாரின் மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"எழுதிக் குடுப்போம் சார். விஷம் இல்லன்னு ஆயிடும்."

"ஆயிடும்" என்றார். "அப்புறம்? இதக் கேட்டுட்டு அவங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சியா?"

"உண்மைய சொல்றதுக்கு இன்னா சார் யோசன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குளக்கரையில் ஊர் கூடியது. சார் இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு, கறாராக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் விளக்கினார். விஷத்துக்கு அடையாளம் எதுவும் இல்லை, மண்ணில் போட்ட உரம் இப்படித் தண்ணீரில் இறங்கியது என்றார். ஏழுமலை கூட்டத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

கன்னியப்பன் எழுந்தார்.

"சார், நீங்க சொல்றது முழுசா எனக்கு வெளங்கல. ஒன்னே ஒன்னு கேக்குறேன். என் மீனு செத்தது இவன் நெலத்துத் தண்ணியாலதான?"

சார் பாட்டில்களைக் கீழே வைத்தார். "பக்கத்து நிலத்துல இருந்தும் வந்திருக்கும்."

"இவன் நெலத்துல இருந்து வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு."

"அவன் வேணும்னு பண்ணல. அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"அப்ப கேஸ திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார் கன்னியப்பன். "வேணும்னு பண்ணியிருந்தாலாவது ஆளு மேல கோபப்படலாம். இப்ப இன்னா சார் பண்றது நானு?"

கேஸ் அன்றைக்கே போனது. ஆனால் ஊர்க்காரர்கள் கலையவில்லை. ஆடுமாடு தண்ணீர் குடிக்கும் குளம். இந்த நிலத்துத் தண்ணீர் இனிமேல் அதில் ஒரு சொட்டு இறங்கக் கூடாது, வடிகாலை மூடு என்றார்கள். அப்படிச் சொன்ன பெரிய மனிதர்களும் செம்மண் அடித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வயல் சற்றுத் தள்ளி இருந்தது, பாட்டிலில் இருந்தது ஏழுமலை வயல் மண். வடிகால் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் உப்பு போகாது, நெல் வைக்கவே முடியாது என்று நான் கத்தினேன். "நீங்கதானம்மா சொன்னீங்க, அங்கேருந்துதான் வந்துச்சின்னு" என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஏழுமலை எழுந்து போய், ஒரு கையாலேயே மண்வெட்டியைப் பிடித்து வடிகாலை மூடினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. சார் போனார். கூடச் சேர்ந்து மண் தள்ளினார். அவர் அப்படி ஒரு வயலில் வேலை செய்து அன்றுதான் பார்த்தேன்.

சொன்னது தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் விஷம் வைத்தவன் என்ற பெயர் அவர் பேரனுக்கும் ஒட்டியிருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த நம்பிக்கை அந்தக் கரையில் போனது. திரும்பி வரவில்லை.

கன்னியப்பன் அந்தக் கோடையில் கடலுக்குத் திரும்பினார். குப்பத்தில் மண் எடுக்கப் போனபோது, நாலு பேரோடு சேர்ந்து படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "மேற்கயும் தண்ணிதாம்மா" என்று அவராகவே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஏழுமலையால் வாருகோல் பிடிக்க முடியவில்லை. பாத்திகள் திருந்தி உப்பு எடுக்க ஆரம்பித்தபோது, அவருக்குப் பதில் அஞ்சலைதான் கூடை சுமக்கப் போனார். வடிகால் இல்லாத வயலில் உப்பு மேலே ஏறி, செம்மண் மேல் வெள்ளையாகப் பூத்தது.

2006 ஆடி மாதத்தில் வண்டி அந்த ஊருக்குப் போனபோது அஞ்சலை ஒரு துணிப்பையோடு வந்தார். பல இடத்தில் வெட்டி, கலந்து, நிழலில் உலர்த்தியிருந்தார். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு குறை இல்லாமல். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார், பாதமெல்லாம் வெடித்திருந்தது. நான் பார்த்துச் சொன்னேன்.

"இன்னாம்மா வந்துச்சி?"

"மணிச்சத்து குறைவுன்னுதான் வருது."

"உரம் போடணுமா?"

"போடாதீங்க. உள்ள நெறைய இருக்குது."

"எடுக்க முடியுமா அத?"

"தண்ணி தேக்கினா வரும்."

"தண்ணி தேக்கினா வடிக்கணும்."

"ஆமாம்."

"வடிக்கக் கூடாது."

சார் வண்டிக்குள் குனிந்து எதையோ தேடுவது போல இருந்தார்.

அஞ்சலை பையில் மிச்சமிருந்த மண்ணைச் சாலையோரம் கொட்டினார். பையை இரண்டு முறை உதறினார். நல்ல துணி, கிழியவில்லை. அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வர்றம்மா, பாத்திக்கு நேரமாவுது" என்று உப்பளத்துப் பக்கம் நடந்தார்.